எஞ்சின் வயித்துக்குள்ள பெயிண்ட்: கொஞ்சம் அரக்கு, கொஞ்சம் பாச்சை உருண்டை, கொஞ்சம் அண்டி

எஞ்சினுக்கு வெளியில பெயிண்ட் அடிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பச்சை, நீலம், சாம்பல்னு கலர் கலரா பார்த்திருப்போம். உள்ள அடிப்பாங்களா? கிராங்க் சுத்துற, கரும்புகை நிறத்துல ஆயில் தெறிக்கிற, யாருமே எட்டிப் பார்க்காத அந்தப் பெட்டிக்குள்ள?

அடிப்பாங்க மக்களே. அடிச்சா நல்லதா கெட்டதான்னு மெக்கானிக்குகளுக்குள்ள அடிதடி நடக்கிற அளவுக்கு அது ஒரு பெரிய சங்கதி. எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல பழைய ஆயில் எஞ்சினைத் தூசி தட்டி ஓட வைக்கிற கிறுக்கு பிடிச்ச சில பேரு உண்டு (நானும் அதுல ஒரு ஓரமா உண்டு). எஞ்சினைப் பிரிச்சுப் போட்டதும் வர்ற முதல் கேள்வி, "உள்ளுக்கு என்ன பெயிண்ட் அடிக்கது?" என்பதுதான். ஆளாளுக்கு ஒரு டப்பா பேரு சொல்லுவாங்க. ஆனா இது சாதாரணக் கேள்வி இல்ல. வெளியில அடிச்ச பெயிண்ட் உரிஞ்சா அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். உள்ள அடிச்சது உரிஞ்சா, அந்தச் சிலும்பு ஆயில் போற துவாரத்தை அடைக்கும். பேரிங் காயும், கிராங்க் பிடிக்கும், எஞ்சின் காலி.

இதுக்குப் பதில் தேடி பின்னோக்கிப் போனா, கதை இங்கிலாந்து, ராஜ்கோட், அமெரிக்கான்னு சுத்திட்டு கடைசியில எங்க ஊரு அண்டி ஆபீஸ் வாசல்ல வந்து நிக்குது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல, எதுக்குய்யா உள்ள பெயிண்ட்?

கிராங்க் கேஸ் என்பது வார்ப்பு. மணல்ல அச்சு செஞ்சு, உருக்கின இரும்பையோ அலுமினியத்தையோ ஊத்தி எடுக்கிறது. வெளி வடிவத்துக்கு ஒரு அச்சு, உள்ள குழிவா வர்றதுக்கு மணல்லயே செஞ்ச இன்னொரு உருவம். அதை 'கோர்'னு சொல்லுவாங்க. இரும்பு ஆறினப்புறம் அந்தக் கோரை உடைச்சுக் கொட்டிடணும். வெளிப்பக்கம் ஒட்டின மணலைத் தட்டி, தேய்ச்சு எடுத்துடலாம். உள்பக்கம் மூலை முடுக்கு, விலா மாதிரி நிக்கிற கட்டைகள், போல்ட் போடுற மேடுன்னு இருக்கும். ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூட்டுல இரும்போட ஒட்டிப்போன மணல் அங்க அப்படியே இருக்கும். கையால தடவினா சொரசொரன்னு இருக்கும், வராது. எஞ்சின் ஓடி, சூடாகி, ஆறி, அதிர்ந்து, ஆறு மாசம் கழிச்சு ஒவ்வொரு மணியா உதிரும்.

மணல்னா பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்துக்கான மோஸ் அளவுல 7. பேரிங்குல இருக்கிற வெள்ளை உலோகம் அதுக்கு முன்னால வெண்ணெய் மாதிரி. மணி போய் அந்த வெண்ணெய்ல புதைஞ்சுக்கும். அப்புறம் பேரிங்கே உப்புக் காகிதம் ஆயிடும், சுத்துற கிராங்கை அறுக்க ஆரம்பிச்சுடும். பேரிங் நல்லாத்தான் இருக்கு, கிராங்க் எப்படித் தேய்ஞ்சதுன்னு மெக்கானிக் தலையைச் சொறிவாரு.

ஆக, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முதல் காரணம் மிச்ச மணலைப் பூட்டி வைக்கிறது. இரண்டாவது, வார்ப்புல இருக்கிற நுண்துளைகளை அடைக்கிறது, குறிப்பா அந்தக் கால அலுமினிய வார்ப்புகள்ல ஆயில் கசிஞ்சு வெளிய வேர்க்கும். மூணாவது, சொரசொரப்பு போனா தெறிச்ச ஆயில் சீக்கிரம் கீழ வடியும். பந்தயக்காரங்க இதுக்காகவே அடிப்பாங்க. நாலாவது காரணம் எங்க கடற்கரைக்கு ரொம்பப் பொருந்தும்: துரு. மேற்குக் கரையில ஜூன், ஜூலை இரண்டு மாசம் மீன்பிடித் தடை. விசைப்படகு எஞ்சின் சும்மா நிக்கும். ஆயில் மட்டத்துக்கு மேல இருக்கிற இரும்புச் சுவர்ல உப்புக்காத்தோட ஈரம் படிஞ்சு துரு ஏறும். துருவும் உதிர்ந்தா மணல்தான்.

பெரிய கப்பல் எஞ்சின்கள்லயும் பெரிய கியர் பாக்ஸ்கள்லயும் கம்பெனியே ஆயில் தாங்குற பெயிண்டை உள்ள அடிச்சு அனுப்புறது ரொம்ப காலமா இருக்கிற பழக்கம். கப்பல்ல வெள்ளை அல்லது வெளிர் நிறம் அடிப்பாங்க, விளக்கைப் பிடிச்சு உள்ள பார்த்தா கீறலும் கசிவும் பளிச்சுனு தெரியணும்னு.

டர்ஸ்லியில இருந்து ராஜ்கோட்

இந்தக் கேள்வியை உலகம் பூரா கிளப்பி விட்டது நம்ம நாட்டு எஞ்சின்தான், தெரியுமா?

இங்கிலாந்துல குளூஸ்டர்ஷயர் மாகாணத்துல டர்ஸ்லின்னு ஒரு ஊரு. அங்க ஆர்.ஏ. லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டின வருஷங்கள்ல 'கோல்ட் ஸ்டார்ட்' வகை டீசல் எஞ்சினைக் கொண்டு வந்தது. அதுல பிரபலமானது 6/1. அதாவது 6 குதிரைசக்தி, 1 சிலிண்டர். நிமிஷத்துக்கு வெறும் 650 சுத்து. இரண்டு பெரிய ஃபிளைவீல், முந்நூறு கிலோவுக்கு மேல எடை. கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணலாம். 1987 வரைக்கும் அங்க தயாரிச்சாங்க. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியான்னு எங்க பார்த்தாலும் மாவு மில், நெல் மில், தண்ணி இறைப்பு, கரண்டுன்னு உழைச்ச எஞ்சின். "டுக்... டுக்... டுக்..."னு வர்ற அந்தச் சத்தத்தைக் கேட்டே மில்லு ஓடுதா இல்லையான்னு சொன்ன காலம் நம்ம பல ஊருகள்ல உண்டு.

இதை அச்சு அசலா காப்பி அடிச்சு செய்யிற ஊரு குஜராத்துல இருக்கிற ராஜ்கோட். சின்னச் சின்ன ஃபவுண்டரிகள், பட்டறைகள், ஒருத்தர் வார்ப்பாரு, இன்னொருத்தர் லேத்துல கடைவாரு, மூணாமவர் பூட்டுவாரு. டர்ஸ்லியில நின்னு போன எஞ்சின் ராஜ்கோட்ல நிக்கல. 2000-ஆம் வருஷத்தை ஒட்டின காலத்துல, கரண்டு கம்பெனியை நம்பாம வாழணும்னு ஆசைப்பட்ட அமெரிக்கர்கள் இந்த எஞ்சின்களைப் பெட்டி பெட்டியா வாங்கினாங்க. அவங்க வச்ச செல்லப் பேரு 'லிஸ்டராய்ட்'. (அப்புறம் அவங்க ஊரு புகை விதிகள் கெடுபிடியாகி அந்த இறக்குமதி படுத்துடுச்சு.)

பெட்டியைப் பிரிச்சவங்களுக்கு அதிர்ச்சி. கிராங்க் கேஸ் உள்ள வார்ப்பு மணல்! சிலதுல மணல் மேலேயே மெல்லிசா ஒரு பெயிண்டும்! இந்த எஞ்சின்கள் பலதுல ஆயில் ஃபில்டர் கிடையாது. கனெக்டிங் ராடு அடியில இருக்கிற கரண்டி மாதிரி ஒரு துண்டு, ஒவ்வொரு சுத்துக்கும் ஆயிலை அள்ளித் தெளிக்கும். ஆயிலோட மணலையும் சேர்த்து அள்ளித் தெளிக்கும். அதனால "எஞ்சின் வந்ததும் ஓட்டாதே, முழுசா பிரி, சுரண்டு, கழுவு, உள்ள நல்ல பெயிண்ட் அடி, அப்புறம் பூட்டு" என்பது அவங்களுக்கு வேதவாக்கு ஆச்சு.

ராஜ்கோட்காரங்களைத் திட்டுறது சுலபம். ஆனா ஒண்ணு யோசிங்க. வார்ப்பைச் சுத்தம் பண்றது ஃபவுண்டரியில இருக்கிறதுலயே மோசமான வேலை. உளியும் சுத்தியலும் வச்சு கையால தட்டணும். அந்தத் தூசு நுரையீரல்ல போனா சிலிகோசிஸ். பெரிய தொழிற்சாலையில எஃகுக் குண்டுகளை வேகமா அடிச்சு மணலை உதிர்க்கிற மிஷின் இருக்கும். சின்னப் பட்டறையில அதுக்கு ஏது காசு? விலையைக் குறைன்னு வாங்குறவன் அமுக்கினா, முதல்ல வெட்டு விழறது கண்ணுக்குத் தெரியாத வேலையிலதான். உள்பக்கச் சுத்தம்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலை.

அரக்குல ஆரம்பிச்ச கதை

சரி, அந்த அமெரிக்கர்கள் என்ன பெயிண்ட் அடிச்சாங்க? 'கிளிப்டால்'. சிவப்பா, கெட்டியா இருக்கும். அவங்க ஊரு பந்தயக் கார் மெக்கானிக்குகள் ரொம்ப காலமா எஞ்சின் பிளாக் உள்ள அடிச்சுட்டு வந்தது. வேடிக்கை என்னன்னா, அது எஞ்சினுக்காகப் பிறந்த பெயிண்டே இல்ல. கரண்டு மோட்டாருக்காகப் பிறந்தது.

கரண்டு மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் வந்த புதுசுல செம்புக் கம்பிச் சுருளையும் மைக்கா தகடையும் ஒட்டவும் காக்கவும் பயன்பட்டது அரக்கு. ஆமா, நம்ம அரக்குதான். மரத்துல பூச்சி கக்குற பிசின். உலகத்துக்கே அரக்கு அனுப்பினது இந்தியா. ராஞ்சி பக்கத்துல நாம்கும்ல 1924-ல அரக்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினாங்கன்னா பார்த்துக்குங்க. ஆனா அரக்குக்கு ஒரு பலவீனம் உண்டு, 75 டிகிரி செல்சியஸ் வாக்குல இளகிடும். மோட்டார் பெருசாக ஆக சூடு கூடிச்சு, அரக்கு தாங்கல. மழை பெய்ஞ்சா விலை ஏறும், வறட்சி வந்தா விலை ஏறும், அந்தத் தலைவலி வேற.

அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி அரக்குக்குப் பதில் தேடிச்சு. 1901-லயே வாட்சன் ஸ்மித் என்ற ஆங்கில வேதியியலாளர் கிளிசரினையும் தாலிக் அன்ஹைட்ரைடையும் சேர்த்துச் சூடாக்கி ஒரு பிசின் செஞ்சு காட்டியிருந்தாரு. ஜெனரல் எலக்ட்ரிக் ஆட்கள் 1910-களில் அதைத் தோண்டி எடுத்து மெருகேத்தினாங்க. கிளிசரின்ல இருந்து 'கிளி', தாலிக்ல இருந்து 'தால்', நடுவுல ஒரு 'ப்'. கிளிப்டால்! (தாலிக்னா தாலி இல்ல சாமி. நாஃப்தலீன் என்ற பேருல இருந்து வந்தது. நாஃப்தலீன்னா நம்ம வீட்டு பீரோவுல போடுற பாச்சை உருண்டை :-))

சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி புத்தகத்துல பாலிமர் பாடத்துல கிளிப்டால் பேரை பல வருஷம் பசங்க மனப்பாடம் பண்ணினாங்க. அங்க எத்திலீன் கிளைக்கால், தாலிக் அமிலம் இரண்டும் சேர்ந்ததுன்னு போட்டிருக்கும். அசல் சரக்குல இருந்தது கிளிசரின். வித்தியாசம் முக்கியம். கிளைக்காலுக்கு இரண்டு கை, கிளிசரினுக்கு மூணு கை. இரண்டு கை இருந்தா சங்கிலி மாதிரி வரிசையாத்தான் நிக்க முடியும். மூணாவது கை இருந்தா பக்கத்துச் சங்கிலியையும் பிடிச்சுக்கும், வலை ஆயிடும். வலை சூட்டுல இளகாது, ஆயில்ல கரையாது. எஞ்சின் உள்ள பெயிண்ட் நிக்கிறதோட ரகசியமே இந்த மூணாவது கைதான்.

ஆனா விலை? தாலிக் அன்ஹைட்ரைடு அப்போ தங்க விலை. ஜெர்மன் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலச்சாயத்துக்காக அதைச் செஞ்சுட்டிருந்தது. (1897-ல சந்தைக்கு வந்த அந்தச் சாயம்தான் நம்ம அவுரி விவசாயத்தைச் சாய்ச்சது.) முதல் உலகப்போர்ல ஜெர்மன் சரக்கு நின்னதும், அமெரிக்க வேளாண் துறையில வேலை பார்த்த கிப்ஸ், கானோவர் இரண்டு பேரும் நாஃப்தலீன் ஆவியைக் காத்தோட வனேடியம் ஆக்சைடு மேல ஓட்டி மலிவா செய்யிற வழியைக் கண்டுபிடிச்சாங்க. விலை தடதடன்னு இறங்கிச்சு.

அப்புறம் 1920-களில் ஜெனரல் எலக்ட்ரிக்ல ராய் கீன்லே என்பவர் இந்தப் பிசினோட உலரும் எண்ணெயைச் சேர்த்து, தூரிகையால அடிக்கிற மாதிரி ஆக்கினாரு. ஆல்கஹால், ஆசிட் இரண்டு சொல்லையும் ஒட்டி 'ஆல்கிட்'னு பேரும் அவரு வச்சதுதான். இன்னைக்கு நம்ம வீட்டு இரும்பு கேட்டுக்கு அடிக்கிற சிந்தெடிக் எனாமல் இருக்கே, அதுவும் ஆல்கிட் குடும்பம்தான்.

மோட்டார் சுருளுக்கு ஆயில், சூடு, அதிர்வு மூணும் எதிரி. கிராங்க் கேஸுக்கும் அதே மூணு. எந்த மெக்கானிக் முதல்ல மோட்டார் டப்பாவைத் தூக்கி எஞ்சினுக்குள்ள ஊத்தினாரோ, புத்திசாலி.

சிவப்பா இருக்கிறதெல்லாம் கிளிப்டால் இல்ல

இங்கதான் நம்ம ஊருல ஒரு கோளாறு. "அமெரிக்காக்காரன் சிவப்பு பெயிண்ட் அடிக்கான், நம்ம கடையிலயும் சிவப்பு இருக்கே"ன்னு ரெட் ஆக்சைடு பிரைமரை வாங்கி அடிக்கிறவங்க உண்டு. அதுவும் ஆல்கிட்தானே, சொந்தக்காரங்கதானேன்னு கேட்கலாம். சொந்தம்தான், ஆனா குணம் வேற.

ஆல்கிட்ல எவ்வளவு எண்ணெய் சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு. எண்ணெய் அதிகமா சேர்த்தா தூரிகையில வழுக்கிட்டுப் போகும், மரத்துலயும் கேட்டுலயும் வெயில் மழைக்கு வளைஞ்சு கொடுக்கும். ஆனா சூடான எஞ்சின் ஆயில்ல ஊறினா இளகி உப்பும். எண்ணெய் குறைச்சு, அடுப்புல வச்சு வாட்டி எடுத்தா கல்லு மாதிரி ஆகும், ஆயிலை உள்ள விடாது. கேட் பிரைமர் முதல் வகை. மோட்டார் வார்னிஷ் வகையறா இரண்டாவது பக்கம். இரண்டும் சிவப்பு, அவ்வளவுதான் ஒற்றுமை.

எங்க பக்கம் கேட்டா கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிற சரியான இடம் பெயிண்ட் கடை இல்ல, மோட்டார் காயில் கட்டுற கடைதான். அங்க இருக்கிற இன்சுலேட்டிங் வார்னிஷ்தான் கிளிப்டாலோட நேர் வாரிசு.

அண்டி ஆபீஸ் வாசல்ல

இப்ப எங்க ஊருக்கு வருவோம். முதல்ல ஒரு பூகோளத் திருத்தம்: நாஞ்சில் நாடுன்னா கறாரா தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம்தான், வயலும் குளமும். நான் இப்ப சொல்லப் போறது கல்குளம், விளவங்கோடு பக்கம். மார்த்தாண்டம், கருங்கல், புதுக்கடைன்னு போனா முந்திரிக் கம்பெனிகள். எங்க பேச்சுல முந்திரி என்பது 'அண்டி', ஃபேக்டரி என்பது 'அண்டி ஆபீஸ்'. (1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சின்னு இருந்த மண்ணு, மலையாள வாடை இருக்கத்தானே செய்யும்.)

முந்திரி மரம் பிரேசில் சரக்கு. 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது, அதான் மலையாளத்துல 'பறங்கிமாவு'. 1920-களில் கொல்லம் வட்டாரத்துல இருந்து பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற ஆரம்பிச்சது. பருப்புக்கு மேல இருக்கிற ஓட்டுல கருப்பா, பிசுபிசுன்னு ஒரு எண்ணெய். ஓட்டு எடையில ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு. கையில பட்டா புண்ணாகும். மேற்குக் கரையில வள்ளத்துப் பலகைக்கும் வலைக்கும் பூச இந்த எண்ணெயைத்தான் பயன்படுத்தினாங்க, உப்புத்தண்ணியும் செல்லும் அண்டாது.

அமெரிக்காவுல மார்ட்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் 1920-களில் இந்த எண்ணெய் மேல கண்ணு வச்சாரு. அதைப் பதப்படுத்தி, ஃபார்மல்டிஹைடு மாதிரியானதோட சேர்த்துப் பிசினாக்கி, காப்புரிமை மேல காப்புரிமை வாங்கினாரு. எதுக்கு? மோட்டார் சுருளுக்கான வார்னிஷ்! பிறகு வண்டி பிரேக் லைனிங். கிளிப்டால் எந்த வாசல்ல நின்னுச்சோ, அதே வாசல்ல அண்டி எண்ணெயும் போய் நின்னுருக்கு பாருங்க. இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்க அரசு இதைக் கட்டுப்பாட்டுப் பொருளாவே வச்சது.

ஏன் இது நல்ல பிசின்? எண்ணெயைச் சுட வச்சா கிடைக்கிற கார்டனால் என்ற பொருளுக்கு, ஒரு பக்கம் கார்பாலிக் அமிலம் மாதிரி வளையம், மறுபக்கம் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். வளையம் வலை பின்னி ஆயிலையும் அமிலத்தையும் தாங்கும். வால் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், தண்ணியை ஒட்ட விடாது. கெட்டியாவும் இருக்கணும், அதிர்வுல வெடிக்கவும் கூடாதுன்னு எஞ்சின் கேட்கிறது இதைத்தானே.

கதை இதோட முடியல. 1946-ல சுவிஸ் கம்பெனி சிபா 'அரால்டைட்'னு எப்பாக்ஸியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. உடைஞ்ச எதையும் ஒட்ட நாம வாங்குவோமே, அதேதான். இரண்டு டப்பா, கலந்தா இறுகும். இன்னைக்கு கப்பல் உள்பக்கம், ஆயில் டேங்க், கியர் பாக்ஸ் எல்லாத்துலயும் எப்பாக்ஸி பெயிண்ட் ராஜா. அந்த இரண்டாவது டப்பாவுல இருக்கிற இறுக்கும் பொருள்ல, கப்பலுக்கு விரும்பி வாங்குற ஒரு வகை கார்டனால்ல இருந்துதான் செய்யுறாங்க. பேரு ஃபெனால்கமைன். ஈரமான, குளிர்ந்த இரும்பு மேலயும் பிடிக்கும்.

அந்த எண்ணெய் முதல்ல படுறது யாரு மேல? அண்டி தல்லுற பொம்பளைங்க கையில. ஓட்டை உடைச்சுப் பருப்பை எடுக்கிற வேலை தலைமுறை தலைமுறையா பெண்கள் வேலை. எண்ணெய் பட்டா தோல் வெந்து உரியும், விரல் நுனி கறுத்துப் போகும். சாம்பலைப் பூசிக்கிட்டு, எண்ணெயைத் தடவிக்கிட்டு உடைப்பாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்தவங்க கையைப் பார்த்தே அண்டி ஆபீஸ்னு கண்டுபிடிச்சிருவாங்கன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. மனுஷத் தோலை உரிக்கிற அதே எண்ணெய், பிசினாகிப் போய் இரும்போட தோலை உரியாம காக்குது. பெயிண்ட் டப்பா மேல இதெல்லாம் எழுதியிருக்காது.

மணவாளக்குறிச்சி வெள்ளை

கப்பல் எஞ்சின் உள்ள வெள்ளை அடிப்பாங்கன்னு சொன்னேன்ல, அந்த வெள்ளைக்கும் எங்க மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. 1909-ல ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் எங்க மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. அவருக்கு வேண்டியது கேஸ் விளக்கு மேண்டிலுக்கான தோரியம். கூடவே கிடந்த கறுப்பு மணல், இல்மனைட். அதுல டைட்டானியம். 1916 வாக்குல நார்வேயிலும் அமெரிக்காவுலயும் டைட்டானியம் வெள்ளை தொழில் முறையில வந்ததும் கறுப்பு மணலுக்கு மவுசு. 1930-களில் உலகத்துக்கு இல்மனைட் கொடுத்ததுல திருவிதாங்கூர் கரைதான் முதல். விஷமான ஈய வெள்ளையை ஓரம் கட்டின வெள்ளை அது. அந்த மணல் ஆலை 1965-ல இருந்து மத்திய அரசோட இந்திய அரு மணல் ஆலை கையில. 2024-ல கிள்ளியூர் வட்டத்துல 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்கிற திட்டத்துக்குக் கடற்கரை ஊர்கள் கொதிச்சதும் இதே மணல் தொடர்பாத்தான். அது தனிப் பதிவா எழுத வேண்டிய விஷயம், இங்க நிறுத்திக்கிறேன்.

அப்ப எதைத்தான் அடிக்க?

வரலாறு எல்லாம் இருக்கட்டும், டப்பா பேரைச் சொல்லும் ஓய்னு நீங்க கேட்கிறது காதுல விழுது. நான் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவு:

1. பெயிண்ட் இரண்டாவது. சுத்தம்தான் முதல். மணலைப் பூட்டத்தான் பெயிண்ட் வந்தது, ஆனா மணல் மேல அடிச்ச பெயிண்ட் மணலோடயே உரியும். உளி, கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், அப்புறம் சோடா போட்ட கொதிதண்ணி. அலுமினியமா இருந்தா காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க, உலோகத்தையே தின்னுடும். கடைசியா வெள்ளைத் துணியால துடைச்சா துணி வெள்ளையாவே வரணும். காந்தத்தை நம்பாதீங்க, அது இரும்புத்தூளைத்தான் பிடிக்கும், மணலைப் பிடிக்காது.

2. வெறும் உலோகம் வரைக்கும் சுத்தம் பண்ண முடியலையா? அப்ப அடிக்காதீங்க. பெயிண்ட் இல்லாத எஞ்சின் நல்லாவே ஓடும். உரியிற பெயிண்ட் உள்ள எஞ்சின்தான் ஓடாது. "உள்ள அடிக்கவே கூடாது"ன்னு சொல்ற பழைய மெக்கானிக்குகள் மேல எனக்கு மரியாதை உண்டு, அவங்க பார்த்ததெல்லாம் உரிஞ்ச கேஸ்கள்.

3. அடிக்கிறதுன்னா இரண்டே வழி. ஒண்ணு, மோட்டார் காயிலுக்கான இன்சுலேட்டிங் வார்னிஷ் அல்லது எனாமல், டப்பாவுல சொன்னபடி வாட்டி எடுக்கணும். இல்லன்னா ஆயில், டீசல் தாங்கும்னு கம்பெனி எழுத்துல சொல்ற இரண்டு டப்பா எப்பாக்ஸி, முழுசா இறுக விட்டு. கேட் பிரைமர், சாதா எனாமல், வெள்ளி பெயிண்ட் எதுவும் வேண்டாம்.

4. மெல்லிசா இரண்டு கோட்டு. தடியா ஒரு கோட்டு அடிச்சா மேல இறுகி உள்ள ஈரமா நிக்கும். பேரிங் உட்காருற இடம், கேஸ்கெட் முகம், ஆயில் துவாரம் எதுலயும் படக்கூடாது.

5. எஞ்சின்ல அடிக்கிறதுக்கு முன்னால பழைய இரும்புத் துண்டுல அடிச்சு, இறுகினப்புறம், பாதி எஞ்சின் ஆயில் பாதி டீசல் கலந்து ஒரு வாரம் முக்கி வைங்க. முடிஞ்சா தினமும் கொஞ்சம் சுட வைங்க. எடுத்து பிளேடால குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பு ஒட்டி வெடுக்குனு இழுங்க. டேப்போட பெயிண்ட் வந்தா அந்த டப்பாவைக் கேட்டுக்கு அடிச்சுக்கலாம் :-)

நூத்திச் சொச்சம் வருஷத்துல அரக்கு போய் கிளிப்டால் வந்து, அது கூட எப்பாக்ஸியும் சேர்ந்தாச்சு. ஆனா ஃபவுண்டரியில மணலைத் தட்டி எடுக்கிற ஆளும், அண்டி தல்லுற கையும் பெருசா மாறல. எஞ்சின் உள்பக்கம் மாதிரியே இவங்களையும் யாரும் எட்டிப் பார்க்கிறதில்ல.

உங்க ஊரு மில்லுல என்ன எஞ்சின் ஓடிச்சு? இன்னும் உயிரோட இருக்கா, இல்ல காயலான் கடைக்குப் போயிடுச்சா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. 'டுக் டுக்' சத்தம் இன்னும் கேட்கிற ஊரு பேரையெல்லாம் ஒரு பட்டியலா சேர்த்து வைக்கணும்னு ஒரு ஆசை.